பொன்னாத்தாள் வாய் மூடிய ஞாயிற்றுக்கிழமை

காமயகவுண்டன்பட்டியில் பொன்னாத்தாள் வீடு எது என்று கேட்டால், "ஜீப்பு நிக்குமே, அந்த வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்ளிருந்து மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பழைய ஜீப் நிற்கும். பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, கழிவு என்று மதுரையில் ஏலம் விட்டபோது எடுத்த வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அந்த ஜீப் இரண்டு பேருக்குச் சொந்தம். ஒருவர் பொன்னாத்தாளின் புருசன் மலைச்சாமி. இன்னொருவன் அவளுடைய தம்பி சுருளிவேல்.

மலைச்சாமி முன்பு தோட்ட லாரி ஓட்டியவர். சுருளிவேல் கம்பத்தில் ஒரு ரைஸ்மில்லில் எஞ்சின் பார்த்தவன். ஓட்டத் தெரிந்தவரும் கழற்றத் தெரிந்தவனும் சேர்ந்தால் வண்டி எங்கே நிற்கப்போகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விடியும் முன்னே ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் தாண்டி, கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவார்கள். பொழுது சாய மறுபடி கீழே கொண்டுவந்து சேர்ப்பார்கள். மலைச்சாமி ஓட்ட, சுருளிவேல் பின்னால் தொற்றிக்கொண்டு வருவான். "மச்சான்" என்று அவன் கூப்பிடுவதும் "மாப்ள" என்று இவர் கூப்பிடுவதும் தெருமுனைவரை கேட்கும். ஐந்தாறு வருசம் அப்படி ஓடியது.

எழுபத்துநாலாம் வருசம் ஆடி மாதம் பொன்னாத்தாளின் தாய் பஞ்சம்மாள் இறந்துபோனாள். அன்றைக்கு ஜீப் மலையில் இருந்தது. சுருளிவேல் தாயின் பக்கத்தில் இருந்துவிட்டதால் மலைச்சாமி மட்டும் போயிருந்தார். மத்தியானம் அங்கே டீக்கடை வைத்திருந்த மலையாளத்துச் சேட்டன் ஓடிவந்து, "அண்ணாச்சி, அம்மாயியம்ம மரிச்சுபோயி" என்று மாமியார் செத்துப்போன சேதியைச் சொன்னான். பெண்கள் எல்லாரும் காட்டுக்குள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. அவர்களைக் கீழே கொண்டுவர வேறு வண்டி கிடையாது, அதில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. விட்டுவிட்டு வர மலைச்சாமிக்கு மனசு வரவில்லை. ஒவ்வொருத்தியாகத் திரட்டி ஏற்றிக்கொண்டு அவர் ஊர் வந்து சேர்ந்தபோது, சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

நடுத்தெருவில் வைத்து இரண்டு பேருக்கும் வாய் முற்றியது.

"வீட்டு மருமகன் நான். எனக்காக ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியலையா ஒனக்கு?" என்றார் மலைச்சாமி.

"ஆத்தா செத்ததவிட ஆளு ஏத்துறது ஒங்களுக்குப் பெருசாப் போச்சுல்ல?" என்றான் சுருளிவேல்.

அத்தோடு பேச்சு நின்றது. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, பஞ்சம்மாள் எப்படிப் போனாள், கடைசியில் என்ன கேட்டாள் என்று பொன்னாத்தாளிடம் கேட்கவில்லை. "ஒந் தம்பியும் ஒம் புருசனும் என்ன இப்படிப் பண்ணிட்டாக?" என்று சண்டையைத்தான் கேட்டார்கள். அவளும் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப்போன பிறகு, இனி உட்கார்ந்து அழலாம் என்று நினைத்தபோது தோட்டத்துக்கு யார் வண்டி எடுப்பது என்ற பஞ்சாயத்து வந்துவிட்டது.

ஜீப்பை இரண்டாக அறுக்க முடியாது. விற்கவும் இரண்டு பேருக்கும் மனசில்லை. ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவன் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். வண்டி மட்டும் பொன்னாத்தாள் வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கும். தன் வாரம் வந்தால் சுருளிவேல் இருட்டோடு வந்து வாசலில் நின்று, "அக்கா, சாவி" என்பான். அவள் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். நிலைப்படியைத் தாண்டி ஒரு எட்டு உள்ளே வைக்க மாட்டான்.

வண்டி என்று இருந்தால் பேசியாக வேண்டியது ஆயிரம் இருக்கும். அதெல்லாம் பொன்னாத்தாள் வழியாகத்தான் போக வேண்டும்.

"அக்கா, ரேடியேட்டர்ல தண்ணி கொறையுது. சொல்லிரு."

"என்னாங்க, தண்ணி கொறையுதாம்."

"ஓஸு கிளிப்பு லூசாக் கெடந்துச்சு. நேத்தே இறுக்கியாச்சுன்னு சொல்லு."

"இறுக்கியாச்சாம்டா தம்பி."

மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சு. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். பொன்னாத்தாள் வாங்கிய சொல்லை வாங்கியபடியே கொடுக்க மாட்டாள். முள்ளைப் பிடுங்கிவிட்டுத்தான் கொடுப்பாள். "அந்தக் குருட்டுப்பய வண்டியப் பள்ளத்துல போட்டு ஒடைக்கிறான்" என்று இங்கே சொன்னால், "பள்ளம் வந்தா கொஞ்சம் பாத்து இறக்கணுமாம்ப்பா" என்று அங்கே போகும். இதில் அவள் தேறிப்போனாள். ஒரு வருசத்துக்கு மேல் இப்படியே கழிந்தது. அவளுக்கு இது பெரிய பாரமாகவும் அப்போது தெரியவில்லை. சோறு வடிப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரி இதுவும் ஒரு வேலை என்று இருந்தாள்.

மறு வருசம் ஐப்பசியில் ஜீப்பில் ஒரு சத்தம் வந்தது.

தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் எப்படிக் கேட்குமோ, அந்த மாதிரி ஒரு கடகடப்பு. வண்டி நின்றபடி ஓடும்போது கேட்கும். மேட்டில் இழுத்து ஏறும்போது இருக்காது. உச்சி தாண்டி இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மறுபடி ஆரம்பித்துவிடும். நாளாக நாளாகச் சத்தம் பெருத்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துவிடும் மலையம்மாள் ஒருநாள் ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே பொன்னாத்தாளிடம் வந்து, "ஏ பொன்னா, வண்டி வழியில ஒடைஞ்சு நின்னுச்சுன்னா அந்தக் காட்டுல பொம்பளைக நாங்க எங்க போறது? சரிபண்ணச் சொல்லு. இல்லேன்னா வேற ஜீப்பு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் சமயம். ஒரு வாரம் விட்டால் தோட்டமே கையைவிட்டுப் போய்விடும்.

மலைச்சாமி வண்டியைக் கம்பத்தில் ஒரு பட்டறையில் காட்டினார். அங்கே கேட்டுப் பார்த்தவர், எஞ்சின் பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கினால்தான் ஆகும், தீபாவளி கழித்துத்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். மலைச்சாமி முகம் செத்துப்போய் வீடு வந்தார்.

சேதி பொன்னாத்தாள் வழியாகச் சுருளிவேலுக்குப் போனது. "பேரிங்காவது, மண்ணாவது" என்றான் அவன். "பேரிங்கு போனா இழுக்கும்போதுல்ல சத்தம் கூடணும்? இது மேட்டுல அடங்குது. ஆயில் முள்ளும் நல்லாத்தான் நிக்குது. ஞாயித்துக்கிழம தோட்டம் லீவு. நானே வந்து பாக்குறேன்னு ஒன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லு."

"பாக்கட்டும். நானும் இருப்பேன்னு சொல்லு. தனியா ஒருத்தன் கையில விட முடியாது" என்றார் மலைச்சாமி.

"அவுகளும் கூட இருக்காகளாம்ப்பா, ஒத்தாசைக்கு" என்றாள் பொன்னாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தள்ளி நிறுத்தினார்கள். சுருளிவேல் சைக்கிள் ஹாண்டில்பாரில் ஒரு சாக்குப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். பை நிறைய ஸ்பேனர். மலைச்சாமி தன் டூல்ஸ் பெட்டியைத் தனியாக வண்டியின் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் எஞ்சின் பக்கத்தில் நின்று காது கொடுக்க வேண்டும். அப்படியானால் ஆக்ஸிலேட்டரை யார் மிதிப்பது? பொன்னாத்தாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

இத்தனை வருசத்தில் அவள் அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை. கால் எட்டவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நுனியில் உட்கார்ந்து மிதித்தாள். பானெட்டைத் தூக்கிப் பின்னால் சாய்த்திருந்ததால் கண்ணுக்கு முன்னால் வெறும் பச்சைத் தகடுதான் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, கொஞ்சம் கூட்டு. போதும் போதும், விடு... ஒன் வீட்டுக்காரரு அந்த சைலன்சர் கிளாம்பை ஆட்டிப் பாக்கட்டும்."

"என்னாங்க, சைலன்சர் கிளாம்பை ஆட்டிப் பாக்கணுமாம்!" எஞ்சின் சத்தத்தில் அவள் கத்த வேண்டியிருந்தது.

"அது சிக்குனுதான் இருக்குன்னு சொல்லு. சத்தம் கீழ இருந்துதான் வருதுன்னு சொல்லு."

"கீழருந்து வருதாம்டா!"

"கீழ இல்லக்கா! பக்கவாட்டுல!"

"பக்கவாட்டுலயாம்!"

மலைச்சாமிக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். லாரி ஓட்டிய காலத்து வினை. நல்ல காதைக் கொடுத்துக் கேட்க அவர் எஞ்சினுக்கு மேலே குனிந்தார். தோளில் கிடந்த துண்டின் முனை முன்னால் சரிந்து, ஓடிக்கொண்டிருந்த ரேடியேட்டர் ஃபேனுக்கு நேரே தொங்கியது. எதிரே நின்ற சுருளிவேல் அதைப் பார்த்துவிட்டான்.

"அக்கா! அவரை விலகச் சொல்லுக்கா! துண்டு!"

பானெட்டுக்குப் பின்னால் இருந்த பொன்னாத்தாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னாடா? என்ன துண்டு?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் சடாரென்று ஒரு சத்தம். துண்டை ஃபேன் இழுத்துச் சுற்றிக்கொண்டது. மலைச்சாமி பின்பக்கமாகத் தரையில் விழுந்தார். பொன்னாத்தாள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்தோரம் துண்டு உரசிய இடம் சிவந்திருந்தது. ஃபேனில் கிழிந்த துணி நாராகத் தொங்கியது. அதே துண்டை அவர் சில சமயம் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பார். அது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

பொன்னாத்தாள் தம்பியைப் பார்த்தாள். "எதிர்த்தாப்புல நிக்கிற மனுசன்ட்ட, 'துண்டு பாருங்க'ன்னு சொல்ல ஒனக்கு நான் வேணுமா?"

அவன் குனிந்து தன் ஸ்பேனரைப் பொறுக்கினான்.

புருசன் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கும் சொல்றேன். இனிமே நான் ஒரு சொல்லு அங்கிட்டு இங்கிட்டு கொண்டுபோக மாட்டேன். பேசுனாப் பேசுங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் ஜீப்பைச் சுத்திச் சுத்தி வாங்க. எனக்கு அடுப்பு வேல கெடக்கு."

சொல்லிவிட்டு அவள் போய் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய உட்கார்ந்தாள். முற்றத்துப் பக்கம் தலையைத் தூக்கவில்லை.

ஃபேனிலிருந்து மலைச்சாமி துணி நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார். சுருளிவேல் பையைக் கிளறினான். கடைசியில் அவன் ஜீப்பைப் பார்த்துச் சொன்னான், "சத்தம் மேனிபோல்டுல இருந்து வருது."

மலைச்சாமியும் ஜீப்பைப் பார்த்தே கேட்டார், "பேரிங்கு இல்லங்கிறதுக்கு என்ன அத்தாச்சி?"

"ஸ்டார்ட் பண்ணுனா காட்டலாம்."

மலைச்சாமி போய் ஸ்டார்ட் செய்துவிட்டு வந்தார். கடகடப்பு ஆரம்பித்தது. எஞ்சினின் இடது பக்கம், புகை வெளியேறும் மேனிபோல்டின் வெளியே சின்னதாக ஒரு இரும்புக் குண்டு, நெல்லிக்காய் அளவில், ஒரு கம்பியின் முனையில் ஆடிக்கொண்டிருந்தது. சுருளிவேல் ஒரு நீள ஸ்குரூடிரைவரால் அதை அமுக்கிப் பிடித்தான். சத்தம் நின்றது. கையை எடுத்தான். மறுபடி கடகடவென்றது. அமுக்கினான், நின்றது.

"அட" என்றார் மலைச்சாமி. தன்னை மறந்து சொன்ன சொல் அது.

மேனிபோல்டுக்கு உள்ளே ஒரு தகடு உண்டு. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அந்தத் தகடு சூடான புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிட்டு, பெட்ரோலைக் கொஞ்சம் சூடாக்கிக் கொடுக்கும். எஞ்சின் சூடேறியதும் வெளியில் இருக்கும் சுருள் ஸ்பிரிங் தளர்ந்து, தகடு திரும்பி, புகைக்கு நேர்வழி விடும். அந்த ஸ்பிரிங் ஒடிந்து எங்கோ மலையில் விழுந்துவிட்டது. பிடிப்பு இல்லாத தகடு புகையின் உதைக்கு உள்ளே அடித்துக்கொண்டு கிடந்தது. அதுதான் அத்தனை சத்தமும்.

எஞ்சினை இறக்க வேண்டாம் என்று தெரிந்ததும் மலைச்சாமிக்கு உயிர் வந்தது. ஆனாலும் மேனிபோல்டைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். தகடே ஒடிந்து புகைவழியை அடைத்துக்கொண்டால் வண்டி ஏறாது. கார்புரேட்டரை எடுத்தார்கள், சைலன்சர் பைப்பை விலக்கினார்கள். மேனிபோல்டு நட்டுகள்தான் தகராறு செய்தன. வருசக்கணக்காக வெந்து துருவேறி, ஸ்டட்டு என்கிற மரையாணியோடு ஒட்டிப்போய்க் கிடந்தன. ஒரு நட்டில் சுருளிவேல் ஸ்பேனரைப் போட்டு உதைத்து இழுத்தான்.

"ஸ்டட்டு ஒடிஞ்சிரும்! விடு!" என்றார் மலைச்சாமி. இந்தத் தடவை அவனைப் பார்த்தே சொன்னார்.

அவன் விட்டுவிட்டான்.

மலைச்சாமி மண்ணெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து ஒவ்வொரு நட்டின் வேரிலும் சொட்டவிட்டார். பீடி ஒன்றைப் பற்றவைத்துத் தள்ளிப்போய் நின்றார். ஊறட்டும் என்று காத்திருந்தார். சுருளிவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்தான், வந்தான், கிணற்றடிவரை போய்த் திரும்பினான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினார்கள். ஒருவர் மேனிபோல்டு அசையாமல் பிடிக்க, இன்னொருவன் ஸ்பேனரை விட்டு விட்டுத் திருப்பினான்.

"பிடிங்க... இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க மச்சான்..."

பொன்னாத்தாளுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவனுக்கே அது வாயில் வந்தது தெரிந்ததா என்று தெரியவில்லை. நட்டு 'கிறீச்' என்று கத்திக்கொண்டு இளகியது. ஸ்டட்டு ஒடியவில்லை.

மேனிபோல்டைச் சாக்கில் இறக்கிவைத்துப் பார்த்தார்கள். தகடு முழுசாகத்தான் இருந்தது. அதைத் தாங்கிய கம்பிதான் ஒரு பக்கம் தேய்ந்து லொடலொடத்தது. இதற்கு என்ன செய்வது என்பதில்தான் வந்தது வினை.

"தகடைத் திறந்தபடிக்கு வச்சு ஒரு கட்டுக்கம்பியப் போட்டு இறுக்கிக் கட்டிட்டா சோலி முடிஞ்சது" என்றார் மலைச்சாமி. "இந்த வெயில்ல பெட்ரோலைச் சூடு பண்ணி என்னத்துக்கு?"

"இங்கன வெயிலு. அங்கன மார்கழில பனி. மேல நிறுத்திவச்ச வண்டி பொழுது சாயக் கிளம்பணும்ல? முக்கிக்கிட்டு நிக்கும். இருட்டுல பொம்பளைக நின்னுக்கிட்டு இருக்கணும். ஸ்பிரிங்கு ஒண்ணு போட்டுத்தான் ஆகணும்."

"ஸ்பிரிங்குக்கு ஞாயித்துக்கிழம எங்க போறது? இப்பக் கட்டுவோம். பெறகு பாப்போம்."

"பெறகுன்னா பெறகுதான். இருக்கும்போதே செய்யணும்."

"ஒனக்கு எதுலயும் அவசரம்" என்றார் மலைச்சாமி. குரல் மாறியிருந்தது. "எதுலயும் பொறுமை கெடையாது. அன்னைக்கும் ஒரு அரை மணி நேரம் பொறுத்தியா? மழைக்குள்ள, சகதிக்குள்ள, எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியும். மொகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்க விடல நீ."

பொன்னாத்தாள் நிமிர்ந்தாள். தம்பி இப்போது திருப்பிக் கொடுப்பான் என்று பார்த்தாள். அவன் கொடுக்கவில்லை. கையிலிருந்த தகட்டுக் கம்பியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவன் இத்தனை நாளும் இதைச் சொல்லவே இல்லை.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ஆத்தாவத் தூக்கச் சொன்னது அவன் இல்லைங்க" என்றாள். "நான்."

மலைச்சாமி அவளைப் பார்த்தார்.

"மானம் மழைக்குக் கருத்துக்கிட்டு வந்துச்சு. தூக்கலாமான்னு பெரியாளுக கேட்டாக. இவன் முடியாது, மச்சான் வரட்டும்னுதான் நின்னான். பெறகு எம் மொகத்தைப் பாத்தான். நான் தலையாட்டுனேன். மழையில எங்காத்தா நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாது, நெருப்பு பிடிக்காமப் போயிறக் கூடாதுன்னு எனக்குத் தோணுச்சு. அவ்வளவுதான். நீங்க வரலேன்னு கோவத்துல ஆட்டல."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. ரெண்டு பேரும் தெருவுல நின்னு கத்துனீக. பெறகு பேச்சை நிறுத்துனீக. அன்னையிலருந்து ஒங்க ரெண்டு பேரு சொல்லைத்தான் சொமந்துக்கிட்டுத் திரியுறேன். எஞ் சொல்லு எங்க இருக்கு? செத்தது எங்காத்தா. அதுக்கு அழறதுக்குக்கூட ஒங்க சண்டை எடம் விடல."

அவள் உரக்கச் சொல்லவில்லை. சாதாரணமாக, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் கண் நிறைந்தது. அதை மறைக்கவும் இல்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சுருளிவேல் தலையைக் குனிந்தபடி, "விடுக்கா" என்றான். "நான் அப்படிக் கேட்டதும் தப்புத்தான். ஆளு ஏத்துறது பெருசான்னு. வண்டியில கைப்புள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள்னு மறுநாளுதான் தெரியும்."

மலைச்சாமி எழுந்து கிணற்றடிக்குப் போனார். முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டார். துடைக்கத் துண்டு இல்லாமல் வேட்டி நுனியால் துடைத்தார். திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, மேனிபோல்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

"எனக்காக நிக்கத்தான் செஞ்சியா மாப்ள?" என்றார்.

"நின்னேன்."

மலைச்சாமி கம்பியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். "இந்த ஆட்டத்தை மொதல்ல நிறுத்தணும். ஸ்பிரிங்குக்கு எதைப் போடலாம்னு சொல்லு."

வீட்டில் அமுங்கிப்போன பித்தளை டார்ச் லைட் ஒன்று கிடந்தது. அதை வெட்டி, தகட்டைத் தட்டி நேராக்கி, கம்பி தேய்ந்த இடத்தில் மெல்லிசாகச் சுற்றி, மலைச்சாமி அரத்தால் ராவி ராவி இறக்கினார். அந்த மாதிரி வேலையில் அவருக்கு அலுப்பே வராது. ஆட்டம் நின்றது. சுருளிவேல் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். பிறகு போய்த் தன் சைக்கிளைப் படுக்கப்போட்டு, ஸ்டாண்டு ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஒரு முனையைக் குண்டு இருக்கிற கம்பியில் மாட்டி, மறுமுனையை ஒரு பக்கம் இழுத்து மாட்டினால் தகடு திறந்து நிற்கும். எதிர்ப்பக்கம் மாட்டினால் மூடி நிற்கும். கீழே ஓடும்போது ஒரு பக்கம், மலையில் ஆறிக் கிடந்து கிளப்பும்போது மறுபக்கம். சூடேறியதும் இறங்கிக் கையால் மாற்றிவிட வேண்டும்.

"இது கை வேலையாயிருச்சே. மறந்துட்டா?" என்றார் மலைச்சாமி.

"யாரு கடைசியா ஓட்டுறமோ அவுக அடுத்தாளுட்ட எந்தப் பக்கம் மாட்டிருக்குன்னு சொல்லிறணும்."

"சொல்லிறணும்" என்றார் மலைச்சாமி.

பொன்னாத்தாள் உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள். கீரையைக் கடைந்தாள். வெளியே, இடையில் வைக்கும் கேஸ்கட் அட்டை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் குரலை ஒருத்தர் மீறிக்கொண்டு வந்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை. பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. வெறும் எஞ்சின் சத்தம்.

"மாப்ள, கைய கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்று மலைச்சாமி கூப்பிட்டார். சுருளிவேல் நிலைப்படியில் ஒரு நிமிசம் நின்றான். பிறகு தலையைக் குனிந்து உள்ளே வந்தான். இரண்டாம் தடவை கீரை கேட்டு வாங்கிக்கொண்டான். போகும்போது, ஸ்டாண்டு நிற்காமல் தரையில் கிடந்த சைக்கிளைத் தூக்கி எடுத்துக்கொண்டு போனான்.

எல்லாம் ஒரே நாளில் பழையபடி ஆகிவிடவில்லை. தை பிறக்கும்வரை இரண்டு பேரும் ஜீப்பைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம், டயரில் காற்று எவ்வளவு, மெட்டில் போலீஸ் நிற்கிறானா என்பதோடு சரி. அவர்கள் பேச்சுக்கு நடுவில் பொன்னாத்தாள் வந்தால் பழக்கதோசத்தில் ஒரு நிமிசம் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் எதையாவது எடுக்க வந்தவள் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மலைச்சாமிக்கு அவள்மேல் கொஞ்ச நாள் ஒரு வருத்தம் இருந்தது. தலையாட்டியதற்கா, சொல்லாமல் இருந்ததற்கா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நான் அந்த எடத்துல இருந்தாலும் தூக்கத்தான் சொல்லிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த வருத்தத்தையும் காணவில்லை.

அந்தப் பொங்கலுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பொன்னாத்தாள் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினாள். தாய் இருந்த வீடு அது. சுருளிவேலின் பெண்டாட்டி பூமாரி, மாமியாரின் சேலைகளை இன்னும் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். இரண்டு பெண்களும் அதை எடுத்து வெயிலில் காயப்போட்டு, மறுபடி மடித்தார்கள். கடைசி வாரம் ஆத்தா கஞ்சியைத் தள்ளிவிட்டு வெள்ளரிப்பிஞ்சு கேட்டதையும், ஊரெல்லாம் தேடியும் கிடைக்காததையும் பூமாரி சொன்னாள். பொன்னாத்தாள் அழுதாள். யாரும் இடையில் வரவில்லை.

ஜீப் அதற்குப் பிறகும் பல வருசம் மலை ஏறியது. வாரக் கணக்கு மெல்ல மெல்ல மறந்துபோய், யாருக்கு ஒழிகிறதோ அவர் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பொங்கல் கழிந்து வந்த ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போய்ப் பஞ்சம்மாளுக்குத் திதி கொடுப்பது என்று முடிவானது. முதல் வருசம் சுருளிவேல் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இந்தத் தடவை இரண்டு வீடும் ஜீப்பில் ஏறியது. மலைச்சாமி ஓட்டினார். அன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கே அங்கேதான் இருந்தது. மாட்டுவண்டிகளும் பஸ்களும் வழியெல்லாம் நின்றன. அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. சுருளிவேல் மொட்டை போட்டுக்கொண்டு ஐயர் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். மலைச்சாமி அவன் பின்னால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். பொன்னாத்தாள் சேலையோடு அருவிக்கு அடியில் போய் நின்றாள். தண்ணீர் தலையில் அடித்த வேகத்தில் மூச்சு முட்டியது. போதும் வா என்று பூமாரி கூப்பிட்டும் வராமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு பாறைமேல் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மலைச்சாமி முதல் வாய் வைப்பதற்குள் குரங்கு ஒன்று மேலேயிருந்து இறங்கி, துவையல் கிண்ணத்தோடு மரத்தில் ஏறிக்கொண்டது. சுருளிவேல் கல்லை எடுத்தான். "எறியாத, கிண்ணத்தைக் கீழ போட்டு நசுக்கிரும்" என்று மலைச்சாமி அவன் கையைப் பிடித்தார். குரங்கு துவையலை ஒரு விரலால் தொட்டு நக்கியது. காரம் ஏறியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை உதறியது. பொன்னாத்தாள் ஈரத் தலையோடு சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, பூமாரி முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.